அது பில் இல்லை, தவணை

இங்கிலாந்துக்கு வந்த முதல் மூன்று வருடம் எனக்கு கேஸ் பில், கரண்ட் பில் என்று ஒன்றுமே கிடையாது. வாடகைக்கு இருந்த அறையில் எல்லாம் வாடகையோடு சேர்த்தி. ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டித் திருகினால் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து குறைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். 2019 செப்டம்பரில் லண்டன் ஹாரோவில் தனி வீடு பிடித்துக் குடிபோனபோதுதான் முதன்முதலாக என் பெயரில் ஒரு கணக்கு வந்தது. இணையத்தில் ஒரு படிவம். எத்தனை படுக்கையறை, எத்தனை பேர், ஹீட்டிங் கேஸிலா கரண்டிலா என்று நாலு கேள்வி. பதில் சொன்னதும் "மாதம் 92 பவுண்டு" என்று திரையில் வந்தது. வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டினேன், டைரக்ட் டெபிட் தயார். மாதா மாதம் 5ஆம் தேதி 92 பவுண்டு தானாகப் போய்விடும், நான் ஒன்றும் செய்ய வேண்டாம்.

அன்று ராத்திரி மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன், "நம்ம வீட்டு கேஸ், கரண்ட் பில் 92 பவுண்டு."

அந்த வாக்கியம் தப்பு என்று புரிய எனக்கு இரண்டரை வருடம் ஆனது.

ஊரில் வளர்ந்தவனுக்கு இது புரியாததில் ஆச்சரியமில்லை. ஈபிக்காரர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார், மீட்டரை அண்ணாந்து பார்ப்பார், வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார். எழுதியதை நாம் கட்டுவோம். எரித்த பிறகுதான் காசு, எரித்த அளவுக்குத்தான் காசு. இங்கே அந்த 92 பவுண்டுக்கும் நான் அந்த மாதம் எரித்ததற்கும் நேரடித் தொடர்பே இல்லை. வருடம் முழுக்க இந்த வீடு எவ்வளவு எரிக்கும் என்று நிறுவனம் ஒரு ஊகம் போடுகிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. பில் என்பது தனியாக, வேறொரு பக்கத்தில், மீட்டரைப் பார்த்தோ பார்க்காமலோ போடப்பட்டுக்கொண்டே இருக்கிறது. நாம் கட்டுவது தவணை, கிட்டத்தட்ட சீட்டுப் பணம் மாதிரி. என்ன, இந்தச் சீட்டில் ஏலமும் கிடையாது, கழிவும் கிடையாது. நம் பணம் அவர்களிடம் கூடுதலாக நின்றால் பெரும்பாலும் வட்டியும் கிடையாது.

ஏன் இப்படி என்று கேட்டால், இந்த ஊர்க் குளிர்தான் காரணம். எங்கள் வீடு 1930களில் கட்டியது, சுவரெல்லாம் குளிரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கும். ஜூலையில் கேஸ் என்றால் குளிக்கவும் சமைக்கவும் மட்டும். ஜனவரியில் பாய்லர் விடியற்காலையில் உறுமத் தொடங்கினால் ராத்திரி படுக்கும்வரை ஓயாது. அந்தந்த மாதம் எரித்ததை அந்தந்த மாதமே கட்டுவதென்றால் கோடையில் நூறுக்குள் இருப்பது பனிக்காலத்தில் இருநூறைத் தாண்டும், அதுவும் கிறிஸ்துமஸ் செலவெல்லாம் முடிந்து பை காலியாக இருக்கும் நேரத்தில். அதனால் கோடையில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிச் சேர்த்துவைத்து, குளிர்காலத்தில் அதைத் தின்பது என்பதுதான் ஏற்பாடு. யோசனை நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

டைரக்ட் டெபிட்டுக்கு இந்த நாட்டில் ஒரு பழைய கதை உண்டு. 1964இல் யூனிலீவர் நிறுவனம் ஐஸ்கிரீம் விற்பவர்களிடமிருந்து பணம் வசூலிக்கக் கண்டுபிடித்த வழி இது என்பார்கள். வியாபாரி காசோலை எழுதி அனுப்புவார் என்று காத்திருக்காமல், அனுமதியை ஒரே தடவை வாங்கிவைத்துக்கொண்டு, தொகையை நிறுவனமே எடுத்துக்கொள்வது. மாதா மாதம் இவ்வளவு அனுப்பு என்று வங்கியிடம் நாமே சொல்லிவைக்கும் ஸ்டாண்டிங் ஆர்டருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான்: அதில் எவ்வளவு என்று தீர்மானிப்பது நாம், இதில் தீர்மானிப்பது அவர்கள். ஐஸ்கிரீமில் தொடங்கியது இன்று குளிரைப் போக்கும் செலவில் வந்து நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் வருடம் நிறுவனம் அனுப்பிய அறிக்கைகளை நான் திறக்கவே இல்லை. ஒருநாள் திறந்தபோது மேலே பெரிதாக "87.40 சி.ஆர்" என்று இருந்தது. க்ரெடிட். எனக்கு க்ரெடிட் என்றால் க்ரெடிட் கார்டு, க்ரெடிட் கார்டு என்றால் கடன். ஐயோ, 87 பவுண்டு பாக்கி வைத்திருக்கிறோம் போலிருக்கிறதே என்று பதறி, பற்று அட்டையில் அதே 87.40ஐக் கட்டினேன். மறுநாள் பார்த்தால் 174.80 சி.ஆர் என்றது. கட்டக் கட்டக் கடன் ஏறுகிறதே என்று குழம்பி அலுவலகத்தில் ஒருவரிடம் காட்டினேன், அவர் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. மளிகைக்கடைப் பற்று வரவு நோட்டுப் பார்த்து வளர்ந்தவன் நான், எனக்கே இந்தக் கதி. சி.ஆர் என்றால் வரவு, அதாவது நம் பணம் அவர்கள் கையில். டி.ஆர் என்றால்தான் பற்று, நாம் கொடுக்க வேண்டியது. இதை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு விசாரித்ததில் இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததல்ல.

2021 இலையுதிர்காலத்தில் அந்த நிறுவனமே போய்விட்டது. உலகச் சந்தையில் கேஸ் விலை ஏறியது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் ஈடுகொடுக்க முடியாமல் முப்பதுக்கு நெருக்கமான நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சாய்ந்தன, அதில் எங்களுடையதும் ஒன்று. காலையில் மின்னஞ்சலைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஊரில் சீட்டுக் கம்பெனிக்காரன் கடையை மூடிக்கொண்டு ஓடிய கதைதான். அவர்களிடம் என் பணம் 140 பவுண்டு வரவில் நின்றது. நல்லவேளை, இங்கே அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் வேறொரு நிறுவனத்தை நியமித்து வாடிக்கையாளர்களை அங்கே மாற்றும், வரவில் இருக்கும் பணமும் பாதுகாக்கப்படும், ஒரு நாள்கூட வீட்டில் கேஸ் நிற்காது. பணம் போகவில்லை, ஆனால் யாரோ கொடுக்கத்தானே வேண்டும்? அப்படிக் கவிழ்ந்த நிறுவனங்களால் வந்த செலவு 270 கோடி பவுண்டு, வீட்டுக்குச் சராசரியாக 94 பவுண்டு என்று 2022இல் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்குச் சொன்னது. அது எல்லோருடைய பில்லிலும் ஏறியது. இன்னொரு விஷயமும் அப்போதுதான் வெளியே பரவலாகப் பேசப்பட்டது: சில சிறு நிறுவனங்கள் நம்மைப் போன்றவர்களின் வரவுப் பணத்தை வைத்துத்தான் தொழிலையே நடத்தியிருக்கின்றன. கோடையில் நாம் சேர்த்துவைப்பது அவர்களுக்கு வட்டியில்லாக் கைமாற்று.

புதிய நிறுவனத்திடம் என் பழைய கணக்கு எதுவும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. எங்கள் வீட்டு மீட்டர் பழையது, ரீடிங்கைத் தானே அனுப்பிவிடும் ஸ்மார்ட் மீட்டர் இல்லை. ஆரம்ப ரீடிங்கையே அவர்கள் ஊகித்துப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த ரீடிங்கும் ஊகம். அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் 'மதிப்பீடு' என்று சின்னதாகப் போட்டிருக்கும், யார் பார்த்தது.

யூனிட்டுக்கு நிறுவனங்கள் இதற்கு மேல் கேட்கக் கூடாது என்று ஆஃப்ஜெம் போடும் விலை வரம்பு, 2022 ஏப்ரலில் ஒரே தாவலாகத் தாவியது நினைவிருக்கும். வழக்கமான அளவு எரிக்கும் ஒரு வீட்டுக்கு, டைரக்ட் டெபிட்டில் கட்டினால், வருடத்துக்கு 1,277 பவுண்டாக இருந்தது 1,971 ஆனது. 54 சதவீதம். எங்கள் தவணை அப்போது 104. அதில் 54 சதவீதம் கூட்டினால் 160 வர வேண்டும், எனக்கு வந்த மின்னஞ்சல் சொன்னது 238. தவணையை மாற்றுவதென்றால் முன்கூட்டியே, வழக்கமாகப் பத்து வேலை நாளுக்கு முன், சொல்ல வேண்டும் என்று விதி. சொன்னார்கள், அதில் குறையில்லை. ஏன் 238 என்றுதான் சொல்லவில்லை.

தொலைபேசியில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தார். நான் என் கோபத்தையெல்லாம் கொட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடைசியாக எப்போது மீட்டர் ரீடிங் கொடுத்தீர்கள்?"

நான் கொடுத்ததே இல்லை. குடிவந்த நாளில் ஒன்று கொடுத்தேன், பழைய நிறுவனத்துக்கு.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார், யாழ்ப்பாணம், இந்தத் தெருவில் முப்பது வருடமாக. அன்று மாலை வேலியருகில் நின்று என் புலம்பலைக் கேட்டவர் சொன்னார்: "தம்பி, உவையள் சொல்லுறது ஒரு கணக்கு, மீட்டர் சொல்லுறது இன்னொரு கணக்கு. மாசம் ஒண்டாம் திகதி ரெண்டு மீட்டரையும் போன்ல படம் எடுத்து வையுங்கோ. பிறகு அவையோட கதைக்கலாம்." நான் உள்ளே போய் மாடிப்படிக்கு அடியில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த கேஸ் மீட்டரை டார்ச் அடித்துப் பார்த்தேன். அவர்கள் ஊகித்த எண்ணைவிட நிஜ எண் எவ்வளவோ குறைவாக நின்றது. படம் எடுத்து, ரீடிங்கை அனுப்பி, ஒரு வாரம் கழித்துத் திரும்ப அழைத்தேன். 238 இறங்கி 158 ஆனது. பழைய நிறுவனத்தின் 140 பவுண்டு வர இன்னும் சில மாதம் பிடித்தது, அது வேறு கதை.

எல்லோருக்கும் ஊகம் இப்படிக் கூடுதலாகவே போகும் என்று நினைத்துவிட வேண்டாம். தெரிந்த ஒருவருக்கு நேர் எதிர். மூன்று பேர் குடும்பம் என்று போட்ட ஊகம், பிறகு அம்மா அப்பா ஊரிலிருந்து வந்து எட்டு மாதம் தங்கினார்கள், வீட்டில் ஹீட்டர் அணையவே இல்லை. இவர் ரீடிங் கொடுக்கவில்லை, தவணையும் ஏறவில்லை, இவரும் ஆகா என்றிருந்தார். கடைசியில் ஆள் வந்து மீட்டரைப் படித்ததும் தொள்ளாயிரத்துச் சொச்சம் பவுண்டு டி.ஆர். நிறுவனத்தின் தவறால் பில் போடாமல் விட்டது என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு முன் எரித்ததற்குக் காசு கேட்க முடியாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. இவருடையது அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள்ளேயே அடங்கிவிட்டதால் அந்த விதியும் உதவவில்லை.

இப்போது நான் கணக்கை நானே போடுகிறேன், பெரிய வித்தை ஒன்றுமில்லை. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வரம்பையே எடுத்துக்கொள்வோம். கரண்ட் யூனிட்டுக்குச் சராசரியாக 26.35 பென்ஸ், கேஸ் யூனிட்டுக்கு 6.29 பென்ஸ் (இரண்டிலும் யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி). அதோடு ஸ்டாண்டிங் சார்ஜ், விளக்கே போடாவிட்டாலும் தினம் விழும் காசு, கரண்டுக்கு 53.68 பென்ஸ், கேஸுக்கு 34.03 பென்ஸ். வழக்கமான வீடு என்று ஆஃப்ஜெம் அப்போது சொன்னது வருடத்துக்கு 2,700 யூனிட் கரண்டும் 11,500 யூனிட் கேஸும் எரிக்கும் வீட்டை. பெருக்கிக் கூட்டினால் 1,755 பவுண்டு. செய்தியில் "பில் 1,755க்கு மேல் போகாது" என்கிற மாதிரி சொல்வார்களே, அந்த எண் இங்கிருந்துதான் வருகிறது, ஆனால் வரம்பு விலைக்குத்தானே தவிர மொத்தத்துக்கு இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஹீட்டர் போட்டால் மூவாயிரமும் வரும். 1,755ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 146. எங்கள் வீடு கிட்டத்தட்ட அந்த வழக்கமான வீடுதான், எனவே அந்த விலையில் தவணை 146ஐச் சுற்றி இருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். 190 என்று வந்தால் ஏன் என்று கேட்பேன்.

கேஸில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. மீட்டரில் ஓடுவது யூனிட் இல்லை, கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 11 யூனிட் ஆகும். ரொம்பப் பழைய மீட்டர் என்றால் நூறு கன அடிக்கு ஒன்று என்று ஓடும், அதற்கு இன்னும் ஒரு 2.83ஆல் பெருக்க வேண்டும். அதை மாற்றிப் பதிவுசெய்துவிட்டால் பில் மூன்று மடங்குக்குப் பக்கத்தில் போய்விடும், அல்லது மூன்றில் ஒன்றாகும். உங்கள் மீட்டர் முகத்தில் எம்3 என்று இருக்கிறதா எஃப்டி3 என்று இருக்கிறதா என்று ஒருதடவை பார்த்து, பில்லோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

வரவில் எவ்வளவு நின்றால் நியாயம்? இதற்குத்தான் நான் நிறைய நேரம் செலவழித்தேன். மாதம் 146 கட்டும் வீடு ஏப்ரலில் பூஜ்யத்தில் தொடங்கினால், கோடை முழுக்கக் கட்டியதில் எரித்ததைக் கழித்து, அக்டோபர் தொடக்கத்தில் என் கணக்குப்படி 240, 250 பவுண்டு வரவில் நிற்கும். அது குளிர்காலத்துக்கான சேமிப்பு, அதைப் போய்த் திருப்பிக் கேட்பது புத்திசாலித்தனம் இல்லை, பிப்ரவரியில் அழ வேண்டிவரும். பார்க்க வேண்டியது குளிர் முடியும் நேரத்தில். ஏப்ரல், மே மாதம் கணக்கு பூஜ்யத்துக்கு அக்கம்பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். 2024 மே மாதம் எனக்கு 410 பவுண்டு வரவில் இருந்தது. பனிக்காலமே போய்விட்டது, இன்னும் எதற்கு என் பணம் அங்கே? ரீடிங்கைக் கொடுத்துவிட்டு, 300 பவுண்டைத் திருப்பிக் கேட்டேன். கேட்டால் கொடுக்க வேண்டும், மறுப்பதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய உரிமத்தின் நிபந்தனை. தவணையும் அவர்களிடம் இருக்கும் ஆகச் சிறந்த, புதிய தகவலை வைத்தே போடப்பட வேண்டும் என்று அதே உரிமம் சொல்கிறது. அந்தத் தகவலை நாம் கொடுக்காமல் இருந்தால் அவர்கள் எதை வைத்துப் போடுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்தில் 300 வந்தது. மறுத்திருந்தால் முறையாகப் புகார் கொடுத்து எட்டு வாரம் பொறுத்து, இந்த மாதிரிப் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் எரிசக்தி ஆம்பட்ஸ்மேனிடம் போயிருக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

2022 குளிர்காலத்தை நினைத்தால் இப்போதும் ஒருமாதிரிதான் இருக்கிறது. ஆகஸ்டில் வருடத்துக்கு 3,549 பவுண்டு என்று வரம்பை அறிவித்தார்கள், அப்புறம் அரசாங்கம் தலையிட்டு வழக்கமான வீட்டுக்கு 2,500 என்று நிறுத்தியது. கூடவே 400 பவுண்டு உதவி, அக்டோபரிலும் நவம்பரிலும் 66, பிறகு மார்ச் வரை 67 வீதம். எங்கள் நிறுவனம் தவணையை முழுசாக எடுத்துக்கொண்டு சில நாள் கழித்து 66ஐ வங்கியில் போட்டது. என் மனைவி, "ஏங்க, யாரோ நமக்குப் பணம் அனுப்பியிருக்காங்க" என்றாள். அதே சமயம் ஒரு பிரசாரம் ஓடியது: பத்து லட்சம் பேர் சேர்ந்தால் அக்டோபர் 1ஆம் தேதி எல்லோரும் டைரக்ட் டெபிட்டை ரத்துசெய்வோம் என்று. எனக்கும் கை துறுதுறுத்தது, பொய் சொல்லக் கூடாது. வங்கிச் செயலியில் இரண்டு தட்டு தட்டினால் ரத்தாகிவிடும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் ரத்தாவது பணம் போகும் வழிதான், கடன் அப்படியே நிற்கும். கட்டாமல் விட்டவர்கள் வீட்டில் நீதிமன்ற ஆணையோடு வந்து, முன்பணம் போட்டால்தான் ஓடும் ப்ரீபேமெண்ட் மீட்டரை வலுக்கட்டாயமாகப் பொருத்திய கதைகள் அந்தக் குளிர்காலத்தில்தான் வெளியே வந்து பெரிய சத்தமானது, 2023 பிப்ரவரியில் அதை நிறுத்திவைக்கச் சொன்னார்கள்.

டைரக்ட் டெபிட் உத்தரவாதம் என்று ஒன்று இருப்பதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சொன்னதைவிடக் கூடுதலாகவோ, சொன்ன தேதிக்கு முன்போ எடுத்துவிட்டால் வங்கியே முழுசாக உடனே திருப்பிக் கொடுத்துவிடும், நிறுவனத்தோடு நாம் மல்லுக்கட்ட வேண்டாம். அது நிஜமாகவே நல்ல பாதுகாப்பு. ஆனால் பத்து நாள் முன்பு அறிவித்துவிட்டு 238 எடுத்தால் அது பிழை இல்லை, அவர்கள் ஊகம் மோசம், அவ்வளவுதான். அந்தச் சண்டையை வங்கி போடாது.

எரித்ததற்கு மட்டும் மாதா மாதம் எடுத்துக்கொள்ளும் வகையும் இருக்கிறது, சில நிறுவனங்கள் கேட்டால் கொடுக்கும். ஸ்மார்ட் மீட்டர் ஒழுங்காக வேலை செய்யும் வீடு, ஜனவரியில் 215 போனாலும் தாங்கும் கணக்கு என்றால் அதுதான் சுத்தமான வழி, வரவும் இல்லை பற்றும் இல்லை. நான் இன்னும் மாறவில்லை. மனைவிக்குச் சமமான தவணைதான் பிடிக்கிறது. நாளுக்கு நாள் மீட்டரைப் பார்த்து ஹீட்டரை அணைத்துக்கொண்டு திரியும் என் குணம் அவளுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்கா டைரக்ட் டெபிட்டே வைத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில் வரும், கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படிப்பார், பிறகு அவரே கட்டுவார். அப்படிக் கட்டுபவர்களுக்கு விலை வரம்பே கூடுதல். போன மாதம் நான் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன், வருடத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல் வீணாகப் போகிறது அக்கா என்று.

"தெரியும் தம்பி," என்றார். "என்ட காசை நான் குடுக்கோணும். அவங்கள் எடுக்கக் கூடாது."

நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எழுந்தபோது, "ஒருக்கா நில்லுங்கோ" என்று சொல்லி மாடிப்படிக்கு அடியில் இருந்த கதவைத் திறந்துவிட்டார். "எனக்குக் குனிய ஏலாது. அந்தக் காஸ் மீட்டரில என்ன நிக்குது எண்டு பாத்துச் சொல்லுங்கோ." முழங்காலில் உட்கார்ந்து, டார்ச் அடித்து, ஐந்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் காலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே எழுதிக்கொண்டார்.